இன்று எதிர்ப்பு முறை யாருக்கு?

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற துறையில் இப்போது அவள்தான் உதவிப் பேராசிரியை. துறையின் பெயரையே மாற்றிவிட்டார்களாம். பலகையில் 'கூட்டுறவு' என்பது சின்ன எழுத்தாகிவிட்டது, 'தொழில்முனைவு' பெரிய எழுத்தாகிவிட்டது. மாணவர்கள் ஆளுக்கொரு யோசனையோடு மேடையேறி, முதல் போட வருகிறவர்கள் முன்னால் ஐந்து நிமிடத்தில் பேசி அவர்களை மயக்க வேண்டுமாம். அதற்குத்தான் மதிப்பெண்.

"நீங்க வந்து கூட்டுறவுத் தொழில்முனைவு பத்தி ஒரு மணி நேரம் பேசணும் மேடம். அந்தக் காலத்துல இதெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்கன்னு பிள்ளைகளுக்குத் தெரியணும். பிபிடி இருந்தா கொண்டு வந்துருங்க."

"எங்கிட்ட பிபிடி இல்லம்மா. அவிச்ச கடலை வேணா வாங்கிட்டு வாரேன்."

அவள் சிரித்தாள். வயசானவளுக்கு வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருப்பாள். எனக்கென்னவோ அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. என் வேலைக்காலத்தில் அந்த வகுப்பறைகளில் நடந்ததிலேயே உருப்படியான பாடம் அவித்த கடலையில்தான் போய் முடிந்தது. அதையும் நான் நடத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கூட்டுறவில் முதுகலை முடித்து, சங்கச் செயலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, எழுபதுகளின் நடுவில் மேலூர் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வீடு திருநகரில். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பல்கலைக்கழகம் எங்களுக்கு முதுகலை வகுப்பு நடத்த அனுமதி கொடுத்திருந்த புதிது. பாடப்புத்தகம் முழுக்க எங்கோ குளிர்தேசத்து நெசவாளர்கள் கூடிக் கடை திறந்த கதை. மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலூர் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். கூட்டுறவுக் கோட்பாடுகள் யாவை என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நாலு பேர் கூடி ஒரு வேலை செய்யுங்கள் என்றால், அந்த நாலு பேரில் மூத்தவன் எவனோ அவன் முகத்தைப் பார்ப்பார்கள்.

துறைத்தலைவர் வேலாயுதம் சார். வாத்தியார் வேலைக்கு வருமுன் கூட்டுறவு ஆய்வாளராகக் கிராமம் கிராமமாக அலைந்தவர். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத ஒரு கைக்குட்டை, மேசையில் ஒரு பித்தளை மணி. எந்த மாணவரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உறுப்பினரே" என்றுதான் கூப்பிடுவார். காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டு வருகிறவனிடமும் "உறுப்பினரே, கோரிக்கையைச் சொல்லுங்கள்" என்பார். சாதாரணப் பேச்சே அவருக்கு வராது, எப்போதும் மேடைத் தமிழ்தான். அவர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதற்குக்கூட முன்மொழிந்து வழிமொழிந்துதான் அடுப்பு பற்றவைப்பார்கள் என்று நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். அவருக்கும் அது தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு வார்த்தையைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. 'ஏகமனதாக.' ஆய்வாளராக இருந்தபோது அவர் பார்த்த படுத்துப்போன சங்கங்களில் எல்லாம் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறியிருந்ததாம். தலைவர் வீட்டு ஆள் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி வந்திருப்பான், கூட்டமே நடந்திருக்காது. அதனால் எங்கள் துறையில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எதிர்த்து ஒருவராவது காரணத்தோடு பேசாத தீர்மானம் செல்லாது.

எங்கள் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் அதே சட்டம். கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் ஓட்டுக்கட்டடம் ஒன்று. ஒரு பாதியில் நோட்டு, பேனா, சோப்பு. மறுபாதியில் டீ, வடை, மதியத்துக்குப் புளிசாதம், தயிர்சாதம். ஒவ்வொரு மாணவரும் ஒரு பங்கு வாங்கி உறுப்பினராக வேண்டும். சரக்கு வாங்குவது, விற்பது, ஆள் வைப்பது எல்லாம் அவர்கள்தான். மாதம் ஒரு பொதுக்குழு. பதவிவழித் தலைவர் வேலாயுதம் சார், மணியோடு வந்து உட்காருவார். நான் ஆலோசகர் என்று பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருப்பேன்.

எதிர்த்துப் பேசச் சொன்னால் எவன் பேசுவான்? "ராசாங்கம் அண்ணே சொல்லிட்டாருல்ல, சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். தப்பித்தவறி ஒருவன் எழுந்து பேசிவிட்டால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சண்டை. "அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய எதுத்துப் பேசிட்டேல்ல, இனி எம் மூஞ்சியில முழிக்காத." அப்படி இரண்டு சிநேகிதர்கள் ஒரு வருடம் பேசாமலே இருந்தார்கள். காரணம் என்னவென்று கேட்டால் வாளி. பிளாஸ்டிக் வாளி வாங்குவதா, தகர வாளி வாங்குவதா.

கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர்க்காரர்கள் அல்லவா, எதிர்ப்புக்கும் முறை வைத்துவிட்டார்கள். இந்த மாதம் இன்னார் எதிர்க்க வேண்டியது, அடுத்த மாதம் இன்னார். அறிவிப்புப் பலகையில் நிகழ்ச்சி நிரலுக்குப் பக்கத்திலேயே பெயர் ஒட்டப்படும். முறை வந்தவர் எல்லாத் தீர்மானத்தையும் எதிர்த்தே ஆகவேண்டும், காரணமும் சொல்லியாக வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அவன் என்ன செய்வான், அவன் முறை! மடை திறந்த பிறகு முறையை மாற்றக் கூடாது என்ற ஊர்ச்சட்டத்தையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "காபித்தூள் வாங்குவதை எதிர்க்கிறேன். எனக்குக் காபி பிடிக்காது" என்று ஒருவன் எழுந்து சொல்வதைக் கேட்பதற்கா நான் திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன்? சாரிடம் கேட்டேன். கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டே சொன்னார். "முதலில் வாய் திறக்கட்டும் அம்மா. காரணம் பிறகு வரும்."

ராசாங்கம்தான் அப்போது செயலாளர். மேலூருக்கு அப்பால் ஒரு ஊர், நிலபுலன் உள்ள வீடு. அவன் அப்பா சொல்லுக்கு அந்த ஊரில் மறுசொல் கிடையாது. நல்ல பையன், கொஞ்சம் பெரியதனம் மட்டும் உண்டு. எதையும் தன் வீட்டுக் கல்யாணம் போலத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்வான். அவனோடு அதே வகுப்பில் பஞ்சவர்ணம் படித்தாள். அவளுக்கும் அதே ஊர்தான். நடுவில் ஒரு கண்மாய்க்கரை, கரைக்கு அந்தப் பக்கம் காலனி. அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். காலனியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். இரண்டு வருட வகுப்பில் அவள் குரலை நான் வருகைப்பதிவின்போது மட்டும்தான் கேட்டிருந்தேன். அதுவும் "உள்ளேன்" என்பதில் பாதிதான் காதில் விழும்.

அந்த வருடம் மழை இல்லை, கால்வாயில் தண்ணீர் விடவில்லை. மேலூர் பக்கம் நடவே நடக்கவில்லை. ஒருநாள் மதியத்துக்கு மேல் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பஞ்சவர்ணம் மேசையில் சாய்ந்துவிட்டாள். அறைக்குக் கூட்டிவந்து தண்ணீர் தெளித்து, என் தயிர்சாதத்தைக் கொடுத்தேன்.

"வீட்டுல சாப்பிட்டுத்தான் வந்தேன் மேடம்."

"என்ன சாப்பிட்ட?"

டப்பா மூடியை எடுத்து மூடப் போனாள். மதியத்தில் அவள் நூலகத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் படிப்பில் அக்கறை என்று நினைத்துப் பெருமைப்பட்டவள் நான். அதட்டித்தான் சாப்பிட வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து சொன்னாள். "பங்குனிக்கு மேல வர மாட்டேன்னு நெனக்கிறேன் மேடம். அம்மாவுக்கு வயல் வேலை இல்ல. மேலூர் பஸ் ஸ்டாண்டுல கடல அவிச்சு விக்கிது. அங்கயும் இப்பக் கூடைக்காரவுக கூடிப் போயிட்டாக. நானும் ஏதாச்சும் வேலைக்குப் போனாத்தான் ஆகும்."

இறுதித் தேர்வுக்கு இன்னும் ஒரு பருவம்தான் இருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் மேடம் என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் மயங்கி விழுந்ததை வகுப்பே பார்த்ததுதானே. பிள்ளைகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். ராசாங்கம் முன்னால் நின்று பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிவிட்டான். 'வறுமையில் வாடும் உறுப்பினர் ஒருவருக்குப் பண்டகசாலையில் தினமும் இலவச மதிய உணவு வழங்குவது.' பெயர் போடாமல் எழுதியதை ரொம்ப நாசூக்கான காரியம் என்று நினைத்திருந்தான். என்னிடம் காட்டியபோது நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். பலகையில் ஒட்டினார்கள். பக்கத்தில் முறைச்சீட்டும் ஒட்டியிருந்தது. கூட்டத்தன்று காலையில் அந்தப் பக்கமாகப் போன நான் தற்செயலாக நின்று பார்த்தேன். இந்த மாத எதிர்ப்பு முறை: பஞ்சவர்ணம்.

சாருடைய அறைக்கு ஓடினேன்.

"சார், இன்னைக்கு மட்டும் முறைய மாத்துங்க. அந்தப் பிள்ளைக்குப் போடுற சோத்த அந்தப் பிள்ளையே எழுந்து எதுக்கணுமா? அம்புட்டுப் பேரு முன்னாடி?"

"முறை உறுப்பினர்கள் வைத்தது அம்மா. நான் மாற்ற முடியாது."

"அப்ப அவள இன்னைக்கு வராம இருக்கச் சொல்லிர்றேன்."

"அதை அவரிடம் கேட்டுவிட்டீர்களா?"

"சார், அது சின்னப்பிள்ளை சார்!"

"உறுப்பினர்" என்றார் சார். மணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் போல் எனக்கு யார் மேலும் வந்ததில்லை. நேரே பஞ்சவர்ணத்தைத் தேடிப் போனேன். நூலகத்தில்தான் இருந்தாள். "நீ வீட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். "பலகைய அன்னைக்கே பாத்துட்டேன் மேடம். வாரேன்" என்றாள்.

பண்டகசாலையை ஒட்டியிருந்த கொட்டகையில் கூட்டம் தொடங்கியது. ராசாங்கம் தீர்மானத்தை வாசித்தான். வாசிக்கும்போதே அன்று முறை யாருக்கு என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், கடைசி வரியை அவசரமாக முடித்து உட்கார்ந்துவிட்டான். ஒருவர் வழிமொழிந்தார். சார் மணியை அடித்தார். "இன்று எதிர்ப்பு முறை யாருக்கு?"

பஞ்சவர்ணம் எழுந்தாள். "இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்."

பின்வரிசையில் யாரோ என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டார்கள்.

"காரணம்?" என்றார் சார்.

ராசாங்கம் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "சார், காரணமெல்லாம் வேண்டாம் சார். நேரா ஓட்டுக்கு விட்டுருவோம்."

சார் மணியை அடித்தார். "முறை உறுப்பினர் நிற்கும்போது செயலாளர் பேசக் கூடாது."

அந்த மணியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"சொல்றேன் சார்" என்றாள் பஞ்சவர்ணம். மெல்லத்தான் ஆரம்பித்தாள். "உறுப்பினர் ஒருவர்னு போட்டிருக்கு. அது நாந்தான். பேரு போடாட்டியும் எல்லாருக்கும் தெரியும். தப்பா எடுத்துக்கல. மனசாரத்தான் எழுதியிருக்கீங்க." ராசாங்கம் பக்கம் திரும்பினாள். "இங்க எனக்கு ஒரு பங்கு. ராசாங்கம் அண்ணனுக்கும் ஒரு பங்குதான். நம்ம கடை டீ தண்ணியா இருக்குன்னு இன்னைக்கு நான் எந்திரிச்சு நின்னு சொல்லலாம். நாளைக்கு இந்தச் சோத்தத் தின்னுட்டு என்னால அதச் சொல்ல முடியுமா? ஓசிச் சோறு திங்கிறவ டீயக் கொறை சொல்ல வந்துட்டான்னு நீங்க சொல்ல மாட்டீங்க. நானே என்னயச் சொல்லிக்குவேன்."

காதில் விழட்டும் என்று யாரோ எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"அதுக்குப் பதிலா ஒண்ணு கேக்குறேன். சாயங்காலம் வகுப்பு விடுறதுக்குள்ள நம்ம கடையில வடை தீந்துபோகுது. எல்லாரும் ரோட்டுக் கடைக்கு ஓடுறீங்க. எங்கம்மா மேலூர்ல கடல அவிச்சு விக்கிது. அதப் பண்டகசாலை வாங்கி விக்கட்டும். நம்ம கடைக்கும் யாவாரம், எங்க வீட்டுலயும் அடுப்பு எரியும்." இப்போது அவள் குரல் சுவர் வரைக்கும் போனது. "எனக்குச் சோறு போட எல்லாரும் கை தூக்குவீங்க. எங்கம்மா கையால அவிச்சத வாங்கித் திங்க எம்புட்டுப் பேரு கை தூக்குவீங்க? அதையும் பாத்துருவோம்."

இது எவ்வளவு பெரிய கேள்வி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்குகிறவனுக்கு விற்பவள் எந்தத் தெரு என்று தெரியாது. தெரிந்தாலும் தெரியாததுபோல் தின்றுவிட்டுப் போகலாம். இங்கே பெயரும் ஊரும் தெருவும் தெரிந்து, கையைத் தூக்கி, சாட்சியோடு தின்ன வேண்டும். அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் பலருடைய வீடுகளில் காலனி ஆட்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் அது. பஞ்சவர்ணத்தை மதியம் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ள எல்லோருக்கும் மனசு இருந்தது. அவள் அம்மா கை பட்டதை வாயில் போடுவது வேறு விஷயம்.

சார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இது திருத்தமா, மாற்றுத் தீர்மானமா?"

அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது! ஆனால் பஞ்சவர்ணம் பாடத்தை நன்றாகப் படித்திருந்தாள். "மாற்றுத் தீர்மானம் சார்."

"வழிமொழிபவர்?"

ஒருவரும் அசையவில்லை. நான் உறுப்பினர் இல்லை, ஆலோசகருக்கு வழிமொழியும் உரிமை கிடையாது. விதியை வகுப்பில் நடத்தியவளே நான்தான். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் அதோடு போயிற்று. அவளும் போய்விடுவாள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சார் கைக்குட்டையை எடுத்து இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். நான்குக்கு மேல் அவர் மடித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ராசாங்கம் எழுந்தான். பக்கத்திலிருந்தவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாப்ள, ஒக்காருடா. ஒங்கய்யா காதுக்குப் போச்சுன்னா தொலிய உரிச்சிருவாரு."

"போகட்டும்டா." சட்டையை விடுவித்துக்கொண்டான். "எதுக்குறதுக்குத்தான் மொற வச்சோம். வழிமொழியிறதுக்கு யாருக்கும் மொற இல்ல. அப்ப யாராச்சும் ஒருத்தன் தானா எந்திரிச்சாத்தான் உண்டு. நான் வழிமொழியிறேன் சார்."

"மாற்றுத் தீர்மானத்தை எதிர்க்க அடுத்த முறை யாருக்கு?" என்றார் சார், விடுகிற ஆளா அவர். அடுத்த முறை தங்கராசுவுக்கு. அவன் பாவம், வியர்த்து வழிய எழுந்தான். "எதிர்க்கிறேன் சார். காரணம் வந்து... காரணம்... கடலத்தொலி கண்ட எடத்துல கெடக்கும் சார். கூட்டுறதுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல."

"திங்கிறவுகளே கூட்டட்டும் தங்கராசண்ணே" என்றாள் பஞ்சவர்ணம்.

கொட்டகையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை, கண்ணிலும் தண்ணீர். சார் அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து ஓட்டுக்கு விட்டார். கைகள் எழுந்தன. முதலில் பெண்கள், அப்புறம் ராசாங்கத்தின் கூட்டாளிகள், அப்புறம் தயங்கித் தயங்கி மற்றவர்கள். "எதிர்ப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம், கையைத் தூக்குங்கள்" என்றார். அதற்கும் சில கைகள் எழுந்தன. அவர்களுக்கு வேறு நன்றி சொன்னார் மனுஷர். தீர்மானம் நிறைவேறியது. நடவடிக்கைக் குறிப்பில் 'பெரும்பான்மையாக' என்ற வார்த்தையை மட்டும் தன் கையால் எழுதினார், கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுகிறவர் மாதிரி.

மறுவாரம் பஞ்சவர்ணத்தின் அம்மா சின்னப்பொண்ணு மேலூர் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கினார். ஈரத்துணி போட்டு மூடிய கடலை, ஆவி பறக்கிறது. பிள்ளைகள் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்குவது ஒன்று, கையை நீட்டுவது ஒன்று. முதலில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவன் யார் தெரியுமா? எதிர்த்துக் கை தூக்கியவர்களில் ஒருவன். "எதிர்ப்பத்தான் பதிவு பண்ணியாச்சுல்ல. பசிக்குது, போடுங்கம்மா ஒரு பொட்டலம்" என்றான். அவனுக்குப் பிறகு கூடை காலியாக நேரமாகவில்லை. தின்றவர்களே தொலியைக் கூட்டினார்கள், தங்கராசு விளக்குமாற்றோடு மேற்பார்வை பார்த்தான். எதிர்த்தவர்களில் ஒருவன் மட்டும் கடைசி வரை வாங்கவில்லை. சார் அவனிடமும் பிரியமாகத்தான் இருந்தார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது, அவன் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ராசாங்கத்தின் அப்பா காதுக்கு விஷயம் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நேராகத் துறைக்கே வந்துவிட்டார். "எம் பயலுக்கு என்ன படிப்புய்யா சொல்லிக்குடுக்குறீங்க?" சார் எழுந்து நாற்காலி போட்டார். "அமருங்கள் ஐயா. உங்கள் எதிர்ப்பு என்ன? முழுவதும் சொல்லுங்கள்." அவர் கத்தினார், சார் கேட்டார். தலையாட்டித் தலையாட்டி, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கத்தித் தீர்த்த பிறகு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இந்த மனுசன்கிட்டச் சண்ட போடவும் வழியில்ல போல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ராசாங்கம் அந்தப் பருவம் முழுக்க வீட்டுப் பக்கம் போக முடியாமல் வண்டியூரில் சித்தப்பா வீட்டில்தான் தங்கிப் படித்தான்.

பஞ்சவர்ணம் பங்குனியில் நிற்கவில்லை. மதியம் புளிசாதம் வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த பொதுக்குழுவில் அவள் முறை இல்லாமலே எழுந்து, டீ தண்ணியாக இருக்கிறது என்றாள். முதல் வகுப்பில் தேறினாள். சின்னப்பொண்ணு அம்மா தெருவில் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுண்டல், கொழுக்கட்டை என்று கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மாணவர்கள் அவர்களுக்கு ஒரு சங்கமே பதிவு செய்து கொடுத்தார்கள். எங்கள் துறையில் புத்தகத்துக்கு வெளியே பிறந்த முதல் சங்கம் அது. அங்கேயும் எதிர்ப்புக்கு முறை உண்டு என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு வழிமொழிய யாரும் எழாமல் போயிருந்தால்? இதைச் சாரிடம் பலமுறை கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். "எழுந்தார்களே அம்மா" என்பதைத் தவிர வேறு பதில் அவர் சொன்னதில்லை. அந்தப் பதிலை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கைக்குட்டையின் அந்த எட்டாவது மடிப்பையும் மறக்கவில்லை.

எண்பதுகளின் பாதியில் அவர் ஓய்வு பெற்றார். அதே கொட்டகையில் பிரிவுபசாரம். பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ராசாங்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் மேலாளர், லேசாகத் தொந்தி வைத்திருந்தான். பஞ்சவர்ணம் கூட்டுறவுத் துறையில் ஆய்வாளர், சார் பார்த்த அதே வேலை. டீயோடு அவித்த கடலை. சாருக்கு நன்றி சொல்லி விடைகொடுக்கும் தீர்மானத்தை ராசாங்கம் வாசித்தான், தங்கராசு வழிமொழிந்தான். சார் பழக்கதோஷத்தில் மணியை அடித்துக் கேட்டுவிட்டார். "இன்று எதிர்ப்பு முறை யாருக்கு?"

முறைச்சீட்டு எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். பஞ்சவர்ணம் எழுந்தாள்.

"எதிர்க்கிறேன் சார்."

"காரணம்?"

நன்றாகப் பேசக்கூடியவளாகிவிட்டிருந்தாள் அவள். ஊர் ஊராகப் போய்ப் பொதுக்குழுக்களில் அதட்டுகிறவள். அன்றைக்குச் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "காரணம் தெரியல சார். நீங்க போக வேண்டாம்னு இருக்கு. அம்புட்டுத்தான்."

காரணம் சொல்லாத எதிர்ப்பை அவர் என்றைக்கும் ஏற்றதில்லை. அன்று மணியில் கை வைத்தார், அடிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு, "வழிமொழிபவர்?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். உரிமையாவது ஒன்றாவது. ராசாங்கம் தன் தீர்மானத்தையே எதிர்த்துக் கை தூக்கினான். தங்கராசு தூக்கினான். வரிசை வரிசையாக எல்லோரும் தூக்கினார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கெட்டிலை வைத்துவிட்டுத் தூக்கினார். சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். கை தூக்காதவர் ஒருவராவது இருக்கமாட்டாரா என்று தேடினார். ஒருவரும் இல்லை.

கைக்குட்டையை எடுத்தார். அது மடிப்புக் கலைந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக எங்களிடம் வீட்டுப் பேச்சில் பேசினார்.

"எல்லாரும் கை தூக்கிட்டீங்க. ஏகமனதா வந்த எதுவும் இந்தச் சங்கத்துல செல்லாது, ஒங்களுக்கே தெரியும். அதனால ராசாங்கம் தீர்மானந்தான் நிக்கிது. நான் போயிட்டு வாரேன்."

மணியை ஒருமுறை அடித்தார். நாங்கள் அப்போதும் கையை இறக்கவில்லை.